பாதி நிறைவேறிய கட்டளை

கடல் கடந்த தத்தெடுப்புக்கு வழி திறந்தது கிறிஸ்தவ விசுவாசம். அந்த வழியில் பெற்ற தாய் எப்படி மறக்கப்பட்டாள் என்பது 70 ஆண்டுகள் கழித்து அதிகாரபூர்வமாக வெளிவந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட். 1954 இறுதியில் அவரும் மனைவி பெர்த்தாவும் வேர்ல்ட் விஷன் நிறுவனர் பாப் பியர்ஸ் திரையிட்ட படம் ஒன்றைப் பார்த்தார்கள். கொரியப் போரில் அந்நியச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து, கைவிடப்பட்ட குழந்தைகளின் முகங்கள் அவர்களை உலுக்கின. தம்பதிக்கு ஏற்கனவே 6 பிள்ளைகள். ஹாரிக்கு இதய நோய் வேறு. ஆனாலும் ஜெபித்து முடிவெடுத்தார்கள்: இன்னும் 8 குழந்தைகளைத் தத்தெடுப்பது.

அன்றைய சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகளுக்குத்தான் விசா. 1955ல் அமெரிக்க காங்கிரஸ் அவர்களுக்காகவே தனி மசோதா நிறைவேற்றியது. அக்டோபரில் ஹாரி 12 குழந்தைகளுடன் வந்திறங்கினார். 8 பேர் அவர் வீட்டுக்கு, மற்றவர்கள் வேறு குடும்பங்களுக்கு. பத்திரிகைகள் புகழ்ந்தன, தங்களுக்கும் குழந்தை வேண்டுமென்று கடிதங்கள் குவிந்தன. மறு ஆண்டே ஹோல்ட் தத்தெடுப்புத் திட்டம் உருவானது.

ஹாரி முக்கியமாகக் கேட்ட தகுதி, வளர்க்கப்போகிறவர்கள் இரட்சிக்கப்பட்ட கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்பது. குழந்தையை நேரில் பார்க்காமல், பதிலாள் மூலமே தத்தெடுக்கலாம். இது ஆபத்து என்று சமூகப் பணியாளர்கள் எதிர்த்தார்கள். தாமதித்தால் குழந்தைகள் இறந்துவிடும் என்பது ஹாரியின் பதில். அந்தப் பயம் பொய்யல்ல. கலப்பினக் குழந்தைகளைக் கொரியச் சமூகம் அன்று ஒதுக்கிவைத்தது. 1964ல் இறந்த ஹாரி, தான் நேசித்த கொரிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் போர்க்காலக் குழந்தைகள் வளர்ந்த பிறகும் விமானங்கள் நிற்கவில்லை. பின்னாட்களில் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகளின், மணமாகாத தாய்மார்களின் குழந்தைகள். தத்து நிறுவனங்களிடையே போட்டி. அரசுக்கோ நலத்திட்டச் செலவு மிச்சம். 1985ல் மட்டும் 8,800க்கும் அதிகமான குழந்தைகள் வெளிநாடு போனார்கள். 1999 வரையிலான கணக்கு 1,40,000ஐத் தாண்டும்.

தாய் உயிரோடிருந்த குழந்தைக்கும் 'அனாதை' என்று புதிய குடும்பப் பதிவேடு எழுதப்பட்டது. காகிதத்தில் தாய் இல்லாவிட்டால் தத்து கொடுப்பது சுலபம். வளர்ந்தபின் வேர்களைத் தேடி சியோல் வந்தவர்களின் கையில் இருந்தது அந்தக் காகிதம்தான். அன்பான வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும் அதே கதி. 11 நாடுகளைச் சேர்ந்த 367 பேர் முறையிட்டார்கள். 2025 மார்ச்சில் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், ஆவணங்கள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டதையும் முறையான சம்மதம் பெறப்படாததையும் உறுதிசெய்து, முதல் கட்டமாக 56 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அறிவித்தது.

தத்தெடுப்பை வலியுறுத்தும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம். அனாதைகளை ஆதரிப்பதே உண்மையான பக்தி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். ஆனால் அங்கே அனாதைகளோடு விதவைகளும் சேர்த்தே சொல்லப்படுகிறார்கள். பைபிள் காலத்தில் தகப்பனை இழந்த பிள்ளையே அனாதை. பக்கத்தில் தாய் இருந்தாள். கட்டளை இருவருக்குமானது, கடல் கடந்ததோ பிள்ளை மட்டும்.

பாடம் எளிதில் மறக்கிறது. 2010 பூகம்பத்துக்குப் பின் ஹெய்ட்டியிலிருந்து 33 குழந்தைகளை ஆவணமின்றி எல்லை கடத்த முயன்ற அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் 10 பேர் கைதானார்கள். 'அனாதை'களில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி 1982லேயே எழுந்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பு முறைகேடுகள் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. 1984ல் நீதிபதி பகவதியின் தீர்ப்பு, இந்தியக் குடும்பங்களுக்கே முன்னுரிமை என்றது. குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் பெற்றவர்களிடம் சம்மதம் வாங்கக் கூடாது என்றும் விதித்தது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் தருகிறது.

ஹோல்ட் தம்பதியைப் போல ஜெபித்து, குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம் நீண்ட காலம்தான். அது தாய்க்கு உரிய காலம்.