டிஃபெண்டர் மூணு பேர் போதுமா? - மொபைல் ஃபுட்பாலில் ஒரு துணிச்சல் ஆட்டம்!

வீட்டில் இ-ஃபுட்பாலோ, இஏ எஃப்சி மொபைலோ விளையாடும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கோரிக்கை உங்களுக்குப் பழகியிருக்கும். "இன்னும் ஒரே ஒரு பேக் வாங்கித் தாங்கப்பா, நல்ல பிளேயர் வந்துட்டா ஜெயிச்சிடுவேன்." பர்ஸைத் திறப்பதற்கு முன்னால், காசே செலவாகாத ஒன்றை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபார்மேஷன்!

பெரும்பாலானவர்கள் பின்னால் 4 டிஃபெண்டர்களை வைத்துத்தான் ஆடுகிறார்கள். அதில் ஒருவரைக் குறைத்து முன்னால் அனுப்பினால் 3-4-3, 3-5-2 என்று மாறும். "ஆள் குறைஞ்சா கோல் விழாதா?" என்ற கேள்வி வரும். நிஜ மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள்.

2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் செல்சீ 0-3 எனத் தோற்றது. பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே அடுத்த லீக் போட்டியிலிருந்து 3-4-3-க்கு மாறினார். தொடர்ந்து 13 வெற்றிகள்! முதல் 6 போட்டிகளில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த சீசனின் பிரீமியர் லீக் கோப்பையும் செல்சீக்குத்தான்.

ரகசியம் ஓரங்களில் இருந்தது. விக்டர் மோசஸ், மார்கோஸ் அலோன்ஸோ இருவரும் பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது கோட்டை ஒட்டி மேலே ஏறினார்கள். பந்து போனதும் பின்னால் ஓடிவந்தார்கள். அப்போது டிஃபென்ஸ் மூன்றல்ல, ஐந்து. மூன்று சென்டர் பேக்குகளில் ஒருவரான அஸ்பிலிக்யூட்டா, அதுவரை பக்கவாட்டில் ஆடிய வேகமான ஆள்.

கேமிலும் இதே கணக்குதான். மூவரில் ஒருவராவது நன்றாக ஓடக்கூடியவராக இருக்கட்டும். ஓரத்து இருவரைத் தேர்ந்தெடுக்கும்போது டிரிப்ளிங்கைவிட ஸ்டாமினாவைப் பாருங்கள். நடுவில் ஒருவர் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். இ-ஃபுட்பாலில் 'ஆங்கர் மேன்' என்று குறிக்கப்பட்ட வீரர் அதற்கென்றே இருப்பவர்.

அட்டாக்கில் ஒரு விஷயம். முன்னால் இருக்கும் மூவரையும் கோட்டுப் பக்கம் ஓட்டாதீர்கள். அந்த இடம் ஓரத்து மிட்ஃபீல்டர்களுடையது. ஃபார்வர்டுகள் உள்ளேயே இருந்தால் எதிரணியின் பக்கவாட்டு டிஃபெண்டருக்குக் குழப்பம். ஓரத்தில் வருபவரைப் பிடிப்பதா, உள்ளே நிற்பவரைப் பிடிப்பதா? யாரை விடுகிறாரோ அவருக்குப் பாஸ் கொடுங்கள். ஒரு பக்கம் அடைத்துவிட்டால் மறுபக்கத்துக்கு நீளமாகத் திருப்புங்கள். அங்கே உங்கள் ஆள் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பார்.

இனி ஆபத்து. பந்தை இழந்ததும், கைக்குக் கிடைத்த சென்டர் பேக்கை எடுத்துக்கொண்டு பந்தின் மேல் பாய்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நால்வர் இருந்தால் அந்த ஓட்டையைப் பக்கத்தில் இருப்பவர் அடைப்பார். மூவரில் ஒருவர் நகர்ந்தால் கோல் வரை ஹைவே! மிட்ஃபீல்டரை வைத்துத் துரத்துங்கள், மூவரையும் அவரவர் இடத்தில் விடுங்கள். கட்டைவிரல் அடங்க நாலைந்து மேட்ச் ஆகும்.

ஓரத்து வீரர் மேலே ஏறிய பிறகு, அவருக்குப் பின்னால் இருக்கும் காலி இடமும் பலவீனம்தான். எதிரணியில் வேகமான விங்கர்கள் இருவர் இருந்தால் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். எல்லோருக்கும் எல்லா நாளும் கைகொடுக்கும் மந்திரமும் அல்ல இது. 2023-24 சீசனில் ஜெர்மனி லீக்கை ஒரு தோல்விகூட இல்லாமல் வென்ற லெவர்குசன், மூவர் டிஃபென்ஸில் ஆடிய அணி. அதை யூரோப்பா லீக் ஃபைனலில் 3-0 எனச் சாய்த்த அட்டலான்டாவும் அப்படி ஆடும் அணிதான்!

60 நிமிடத்துக்கு மேல் ஓரத்து இருவரின் ஸ்டாமினா கோடு சரிந்திருக்கும். சப்ஸ்டிட்யூட் இறக்குவதாக இருந்தால் முதலில் அவர்களை மாற்றுங்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்து கடைசி பத்து நிமிடம் மட்டும் மிச்சம் என்றால், அந்த இருவரையும் கீழே இழுத்து ஐவர் டிஃபென்ஸ் ஆக்கிவிடுங்கள்.