எழுத்துக்கு முன்னே எண்ணம்

மாலை வேளை. ஏழாம் வகுப்பில் பயிலும் மகன் கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறான். இதுவரை எண்களே நிறைந்திருந்த பாடத்தில் இப்போது எழுத்தொன்று வந்து நிற்கிறது. "எழுத்தோடு எண்ணை எப்படியம்மா கூட்டுவது?" என்று கேட்கிறான். "எங்களுக்கே கணக்கு வராது, உனக்கு எங்கே வரப்போகிறது?" என்று நாம் சொல்லிவிடுகிறோம். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அது பிள்ளையின் உள்ளத்தில் ஆணிபோல் இறங்கிவிடுகிறது. கணக்குக்கு அஞ்சிப் பள்ளியையே வெறுத்த பிள்ளைகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இயற்கணிதம் பிள்ளைகளை அச்சுறுத்துவது ஏன்? எழுத்தை முதலில் கொடுத்துவிட்டு, அது எதற்காக வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது ஒரு காரணம். மனித குலமும் அவ்வெழுத்தை எளிதில் கண்டடையவில்லை. 'அல்ஜீப்ரா' என்னும் பெயர் வரக் காரணமான நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இயற்றியவர் அல்-குவாரிஸ்மி. அந்நூலில் கணக்குகள் சொற்களாலேயே விளக்கப்பட்டுள்ளன. தெரிந்த அளவுக்கும் தெரியாத அளவுக்கும் எழுத்துகளை முறையாக ஆளும் வழியைப் பிரான்சு நாட்டு வியேத் 1591-இல் வெளியிட்டார். இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அத்தொலைவை ஒரே பாட வேளையில் நம் பிள்ளை கடக்க வேண்டும் என்பது நியாயமா?

சம அடையாளமும் ஒரு தடைக்கல்லே. 8 + 4 = □ + 5. கட்டத்தில் வரவேண்டிய எண் யாது? அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இதனை விடுவிக்க முயன்ற ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரும் 12 என்றோ 17 என்றோ விடையளித்தனர். சரியான விடையாகிய 7 ஒருவருக்கும் கிட்டவில்லை. கூட்டத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். சம அடையாளத்தை 'விடையை எழுது' என்னும் கட்டளையாகக் கொண்டனர்; 'இருபுறமும் நிகர்' என்னும் கூற்றாகக் கொள்ளவில்லை.

இந்நிகரைக் கற்பிக்கத் தராசைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று வெல்லக் கட்டிகளும் 200 கிராம் எடைக்கல்லும் உள்ளன. மறு தட்டில் அதே போன்ற ஒரு கட்டியும் 1 கிலோ கல்லும் உள்ளன. தராசு நேராக நிற்கிறது. ஒரு கட்டியின் எடை என்ன? இருபுறமும் ஒவ்வொரு கட்டியை எடுத்துவிட்டாலும் தராசு சாயாது. பின்பு இருபுறமும் 200 கிராமைக் குறைத்தால் இரண்டு கட்டிகள் 800 கிராமுக்கு நிகராகும். ஒரு கட்டி 400 கிராம். எழுத்து ஒன்றும் எழுதாமலேயே பிள்ளை ஒரு சமன்பாட்டைத் தீர்த்துவிட்டான்!

இனி, தீக்குச்சிகளை எடுத்து ஒன்றையொன்று ஒட்டிய சதுரங்களை வரிசையாக அடுக்கச் செய்வோம். ஒரு சதுரத்துக்கு 4 குச்சிகள், இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. இருபது சதுரங்களுக்கு எத்தனை? அண்ணன், "முதலில் ஒரு குச்சி, பிறகு சதுரத்துக்கு மூன்று" என்பான். தங்கையோ, "மேலே 20, கீழே 20, நிற்பவை 21" என்பாள். இரண்டுக்கும் விடை 61. வழிகள் வேறாயினும் விடை ஒன்றானது எப்படி என்று அவர்களே வாதிடட்டும். அவ்வாதமே இயற்கணிதச் சிந்தனையின் தொடக்கம்.

"எத்தனை சதுரமானாலும் சொல்ல முடியுமா?" என்று அடுத்துக் கேட்போம். "சதுரங்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்" என்னும் விடை வரும். இவ்வளவு நீளமாக ஒவ்வொரு முறையும் எழுதுவானேன்? எண்ணிக்கையை 'ச' என்று கொண்டால் 3ச + 1 என்று முடிந்துவிடும். இப்போது எழுத்து, தேவைக்கு வந்து உதவிய தோழன். ஆனால் ஒன்றை மறவாதிருக்கச் செய்ய வேண்டும்: 'ச' என்பது சதுரம் அன்று, சதுரங்களின் எண்ணிக்கை. இவ்வேறுபாடு தெளியாமல் பின்னாளில் இடறுவோர் பலர்.

இதற்கெல்லாம் பெற்றோர் இயற்கணிதம் கற்றிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. விடையைச் சொல்லிவிட அவசரப்படாத பொறுமையும், "எப்படிக் கண்டாய்?" என்னும் கேள்வியும் போதும். விடை தவறும்போது மட்டுமன்று, சரியாக இருக்கும்போதும் அக்கேள்வியைக் கேட்போம். விளக்கிச் சொல்லும்போதுதான் பிள்ளை தன் எண்ணத்தைத் தானே காண்கிறான்.

நாளை மாலை மகன் மீண்டும் கேட்கும்போது, "உனக்கு வராது" என்னும் சொல்லை நாவிலேயே நிறுத்துவோம். "எனக்கும் தெரியவில்லையப்பா, தீப்பெட்டியை எடுத்து வா, இருவரும் பார்ப்போம்" என்போம். அறியாமையை மறைக்காத அச்சொல், பிள்ளையின் அச்சத்தைப் போக்கிவிடும்.