பீப்பாயும் பரலும்

“பவுசர் வந்ததும் அம்மா பரலை நிரப்புவார்.”

வரட்சிக் காலத்தைப் பற்றி மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையில் இவ்வசனத்தைக் கண்டேன். ‘பரல்’ என்பதைச் சிவப்பு மையாற் கீறிப் ‘பீப்பாய்’ எனத் திருத்தி, ஒரு புள்ளியையும் குறைத்தேன். மறுநாள் அவள் பணிவோடு வினாவினாள்: “ஐயா, பீப்பாய் மட்டும் தமிழ்ச் சொல்லோ?” அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பீப்பாயும் தமிழன்று. மது நிரப்பும் பெரிய மரப்பாண்டத்தைப் போர்த்துக்கேயர் ‘பீப்பா’ என்றனர். 1505இல் இலங்கையை அடைந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட அவர்கள், கதிரை, மேசை, அலுமாரி, சாவி முதலிய சொற்களை நம் மனைகளில் விட்டுச் சென்றனர். பீப்பாயும் அவ்வினத்ததே. சிங்களத்தில் அது ‘பீப்ப’, மலையாளத்தில் ‘வீப்ப’.

தாழி, மிடா, சாடி என நமக்குப் பாண்டப் பெயர்கள் பல உள. எனினும் அவை பீப்பாய் ஆகா. வளைத்த பலகைகளை நெருக்கி நிறுத்தி, இரும்பு வளையங்களால் இறுக்கி, நீர் கசியாது அமைப்பது பீப்பாய். நடுப்பகுதி பருத்திருத்தலாற் கிடத்தியவிடத்து நிலத்திற் சிறிதே படியும். ஆதலின் பாரமான பீப்பாயையும் ஒருவரே உருட்டித் திருப்பலாம். பொருள் புதிதாக வந்தபோது பெயரும் உடன் வந்தது.

இனி, பரல் என்பதை ஆராய்வாம். இது ஆங்கிலவழி வந்தது. தாரும் மண்ணெண்ணெயும் அடைத்து வந்த, ஏறக்குறைய 200 இலீற்றர் கொள்ளும் உருக்குக் கலத்தையே நம்மவர் பரல் என்றனர். செய்தித்தாளில் எண்ணெய் விலை கூறும் பரலோ வேறு. அது 42 அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 159 இலீற்றர் கொண்ட ஓர் அளவு. 1860களிற் பென்சில்வேனியாவில் எண்ணெய் நிரப்பிய மரப்பீப்பாய்களின் நினைவாக அது கணக்கேட்டில் மட்டும் வாழ்கின்றது. ஆங்கிலேயர் துப்பாக்கிக் குழலையும் இச்சொல்லாலேயே குறிப்பர். அதனைத் ‘துப்பாக்கிப் பீப்பாய்’ என மொழிபெயர்ப்பார் நகைப்புக்கு இடமாவர்.

எம் தலைமுறையினர்க்கு இச்சொற்கள் நகைப்பை மட்டும் தருவன அல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தில் வானிலிருந்து வீழ்ந்தவற்றைப் பீப்பாய்க் குண்டு என்றோம். போர்க்காலத்தில் வீதித்தடைகளாய் நின்றவை பரல்கள். இன்று அதே பரல் முற்றத்தில் நின்று குடிநீர் காக்கின்றது.

பரல் என்றதும் பண்டிதர் உள்ளம் சிலம்பை நாடும். கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். கோப்பெருந்தேவி சிலம்பின் பரல் முத்து. இப்பழம்பொருளோடு மயங்குமே என்றுதான் நான் கீறினேன். ஆனால், தாய் நீர் நிரப்பும் பரலை மாணிக்கமென மயங்குவார் யாருளர்? ஒருசொல் பலபொருள் தமிழுக்குப் புதிதன்று. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியமே இடம் வகுத்துள்ளது. நான்கு நூற்றாண்டு வாழ்ந்ததைத் தமிழென ஏற்று, பின்னர் வந்ததைப் பிழையெனத் தள்ளுதல் முறையாகாது.

மேலும், அத்தாய் நிரப்பியது பலகையாற் செய்த பீப்பாயன்று; பரலே. மாணவி கண்டதை எழுதினாள். யான் காணாது திருத்தினேன். குறைத்த புள்ளியைச் சேர்த்துவிட்டேன். ஆசிரிய அன்பர்களே, சிவப்பு மையை எடுக்குமுன், அச்சொல் சுட்டும் பொருளை ஒருமுறை நோக்குதல் நன்று.