அடுப்பு அணையாமல் காத்த நாடகம்

எங்கள் நாகர்கோவிலில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் தெரியாதவர் கிடையாது. 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தார், சிறு வயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றார், டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் சேர்ந்து நடிகரானார். இதெல்லாம் ஊரறிந்த கதை. ஆனால் அவர் ஜெயிலில் இருந்தபோது அவருடைய நாடக சபை எப்படிப் பிழைத்தது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. குடும்பம் நடத்துகிற நமக்கு அதுதானே முக்கியம்?

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்பது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சீன் தூக்குகிறவர்கள், சமையல்காரர் என்று எத்தனையோ பேர். மழை வந்து வசூல் படுத்தாலும் அத்தனை பேருக்கும் இலை போட்டாக வேண்டும். கொட்டகை வாடகையும் ரயில் சத்தமும் தனி.

1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலையானார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீல், லண்டன் பிரிவி கவுன்சில் என்று வழக்கு நீண்டது. கிருஷ்ணனோ கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கைக்காரர். சேர்த்து வைக்கத் தெரியாதவர். என் ஆச்சி சொல்வாள்: "வக்கீலுக்கு அள்ளிக் குடுத்தாச்சுன்னா, இங்க அடுப்பு எரியாண்டாமா பிள்ளே?"

அப்போது தோள் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர் மனைவி டி.ஏ. மதுரம். இன்னொருவர் சபையை நடத்திய எஸ்.வி. சகஸ்ரநாமம். அதிலும் ஒரு சோதனை வந்தது. கே.ஆர். ராமசாமி பிரிந்துபோய், 'கிருஷ்ணன் நாடக சபா' என்று தனியாக ஆரம்பித்தார். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு! பிரிந்தவரும் அந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார், பாருங்கள். அவருக்குக் கைகொடுத்தவை அண்ணா எழுதிய 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம். இரண்டும் பின்னால் சினிமாவாயின.

இந்தப் பக்கம் சகஸ்ரநாமம் 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் போட்டார். விதவை மறுமணத்தைப் பேசிய சமூக நாடகம். அது நன்றாக ஓடியது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: புராண நாடகம் என்றால் கிரீடம், ஜரிகை உடுப்பு, தந்திரக் காட்சி என்று செலவு வாயைப் பிளக்கும். சமூக நாடகத்துக்கு ஒரு வீட்டுக் கூடமும் நாலு நாற்காலியும் போதும். கட்டுகிற புடவையும் நாம் கட்டுகிற புடவைதான். சிக்கனமும் ஆச்சு, பார்க்க வருகிற பெண்களுக்குத் தங்கள் வீட்டுக் கதையாகவும் ஆச்சு.

அடுத்து, வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட அதையே சினிமாவாக்கினார்கள். இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. மதுரத்துக்கு இரட்டை வேஷம். அப்போது பெரிய நட்சத்திரமாகாத எம்.ஜி.ஆரும் நடித்தார். புருஷன் ஜெயிலில் இருக்க, அரிதாரம் பூசிக்கொண்டு காமிராவுக்கு முன் நிற்க அந்த அம்மாளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! சிரிக்க வைக்கிற நடிகை வேறு. அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

பிரிவி கவுன்சில் தீர்ப்பை ரத்து செய்தது. மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. கிருஷ்ணன் வெளியே வந்தபோது படம் இன்னும் திரைக்கு வரவில்லை. அவருக்கென்று புதிதாகக் காட்சிகள் எழுதிச் சேர்த்தார்கள். அந்த வருஷமே படம் வெளிவந்தது, மதுரத்தோடு அவரும் சேர்ந்து நடித்த படமாக.