ஓடில்லாத கறுப்பு நத்தை



ஐப்பசி, கார்த்திகை மழையில் விடிந்ததும் கீரைப் பாத்திக்குப் போய்ப் பார்த்தால், நேற்று தளதளவென்று இருந்த இலை இன்று ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும். நாற்றங்காலில் கத்தரி நாற்று தண்டோடு அறுந்து கிடக்கும். புழு விழுந்துவிட்டது என்று உடனே மருந்தை எடுத்துத் தெளித்துவிடுகிறோம். மறுநாளும் அதே கதைதான். மருந்துக்குப் போட்ட காசும் போச்சு, கீரையும் போச்சு. தின்றது புழு இல்லை, நத்தை என்றால் புழு மருந்து என்ன செய்யும்?

புழு தின்ற இலையில் அதன் எச்சம் சிறு சிறு உருண்டையாகக் கிடக்கும். நத்தை ஊர்ந்த இடத்தில் பசை காய்ந்து வெள்ளிக் கோடு மாதிரி மினுங்கும். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கோடு இருந்து, ஓடுள்ள நத்தை ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால், ஓடில்லாத நத்தையைத் தேடுங்கள்.

நம் தோட்டங்களில் அதிகமாகத் தென்படுவது ஒரு கறுப்பு நத்தை. லேவிகாலிஸ் ஆல்டே என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர். 1822இல் பெருசாக் என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். நம்மவர்கள் பலர் அட்டை என்றே சொல்லிவிடுகிறார்கள். அட்டை ரத்தம் குடிக்கும். இரண்டு முனையாலும் மாறி மாறிப் பற்றி, வளைந்து வளைந்து நடக்கும். இது கடிக்காது, வழுக்கிக்கொண்டே ஊரும், தலையில் கொம்பும் உண்டு. இரண்டும் வேறு வேறு ஜாதி.

பார்வைக்கு எப்படி இருக்கும்? நீட்டிக்கொண்டு ஊரும்போது 7, 8 சென்டிமீட்டர் இருக்கும். நன்றாக வளர்ந்தது 12 சென்டிமீட்டர் வரைகூட வரும். முதுகு தட்டையாக, தோல் செருப்பின் மேல்பக்கம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நிறம் கரும்பழுப்பு அல்லது கறுப்பு. முதுகின் நடுவே தலையிலிருந்து வால் வரை வெளிர் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு ஒன்று ஓடும். தொட்டால் போதும், கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டு திரண்டு ஒரு கூழாங்கல் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. குட்டிகள் வெளுத்துத்தான் இருக்கும். ஒரு குச்சியால் புரட்டிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். மற்ற ஓடில்லா நத்தைகளுக்கு அடிப்பாகம் முழுக்கவே ஊரும் பாதமாக இருக்கும். இதற்கு நடுவில் நாடா மாதிரி ஒரு குறுகிய பட்டைதான் பாதம். வளர்ந்த நத்தையிலேயே அதன் அகலம் 4, 5 மில்லிமீட்டர்தான். இன்னொன்று, மற்றவற்றின் முதுகில் தலைக்குப் பின்னால் சேணம் வைத்தது போல ஒரு மடிப்பும், வலப்பக்கம் மூச்சுத் துளையும் தெரியும். இதற்கு அந்த மடிப்பே முதுகு முழுவதையும் மூடிவிட்டது. மூச்சுத் துளை பின்புறம் போய்விட்டது.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். அங்கிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென்சீனம், ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதி, ஹவாய், சமோவா போன்ற பசிபிக் தீவுகள் என்று வெயிலும் ஈரமும் உள்ள நாடெல்லாம் பரவிவிட்டது. நம் நாட்டில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம், வங்காளம் என்று பல மாநிலங்களில் இருக்கிறது. இவ்வளவு மெதுவாக ஊர்கிற பிராணி கடல் தாண்டிப் போனது எப்படி? மனிதன் கொண்டுபோன செடியோடும் மண்ணோடும்தான். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறவி இது. அதனால் எந்த நத்தையும் முட்டை வைக்கும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக ஈர மண்ணுக்குள் இருக்கும். தொட்டி மண்ணில் ஒரு கொத்து ஒளிந்து வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கேரளத்து ரப்பர் தோட்டங்களில் மரம் ஏறிப் பாலை உறிஞ்சுவது மரியெல்லா என்கிற வேறு இனம். அதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

கறுப்பு நத்தை மற்றவற்றைவிட வறட்சி தாங்கும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் இறங்கி, உடம்பைச் சுருட்டி ஈரத்தைக் காத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே வானம் பார்த்த ஊரானாலும் மோட்டார் கொட்டகை ஓரம், துணி துவைக்கும் கல், வாழைக் கட்டை, அடுக்கி வைத்த செங்கல் போன்ற இடங்களில் இருக்கும். பகலில் அங்கே தேடினால் போதும்.

கையால் மட்டும் தொடாதீங்க. எலியின் நுரையீரலில் வாழ்கிற ஒரு புழு உண்டு. 1935இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் கண்டுபிடித்தார்கள். அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போய் வளர்கின்றன. அப்படிப்பட்ட நத்தை, குட்டியானாலும் சரி, பச்சைக் காய்கறியோடு மனிதன் வயிற்றுக்குள் போனால் அந்தப் புழு மூளை உறையைத் தாக்கும். கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு வரும். குழந்தைகள் நத்தையை எடுத்து விளையாட விடக் கூடாது. கீரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஒழிப்பதற்குச் செலவு அதிகமில்லை. சாயங்காலம் ஈரச் சாக்கை வரப்போரம் போட்டு, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வையுங்கள். விடியற்காலையில் புரட்டினால் கூட்டமாக ஒட்டியிருக்கும். குச்சியாலோ கையுறை போட்டோ எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை வயலில் தூவ வேண்டாம், மண் கெடும். தொல்லை மிஞ்சினால் மெட்டால்டிஹைடு 2.5 சதவீத நத்தைக் குருணை இருக்கிறது. அது நாய்க்கும் ஆடு மாடுக்கும் விஷம். கட்டுத்தறி பக்கம், கோழி மேயும் இடம் பக்கம் போடவே கூடாது.

நர்சரியில் செடி வாங்கும்போது பையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீர் வடியும் துளையருகே கறுப்பாகக் கூழாங்கல் மாதிரி ஒட்டியிருந்தால், குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.