இணையவழி வேலைக்கு எதைக் கற்பது?

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவர் ஒருவர் வந்து நின்றார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். எங்கள் கல்லூரியில் இளநிலை இயற்பியல் முடித்தவர். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகத் தட்டச்சு செய்து மாதம் 30,000 ரூபாய் ஈட்டலாம் என்ற விளம்பரத்தை நம்பி, தாயாரின் தோட்டை அடகு வைத்து 6,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். 500 ஆங்கிலப் பக்கங்கள் படங்களாக வந்தன. 10 நாட்களில் அவற்றைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நூற்றுக்கு 98 பக்கங்களில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது. தவறினால் ஊதியமில்லை; நஷ்டஈடு வேறு கட்டவேண்டும்.

"கவனமாத்தான் அடிச்சேன் சார். எங்கே தப்புப் பண்ணினேன்னே தெரியலை" என்றார்.

கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டோம். வாசகர்களும் உடன் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் சுமார் 2,000 எழுத்துகள் என்று கொள்வோம். தேர்ந்த தட்டச்சாளரும் ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விடுகிறார் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு பக்கம் முழுவதும் பிழையின்றி அமைய, 0.999 என்ற எண்ணை 2,000 முறை பெருக்கிக்கொண்டே போகவேண்டும். விடை 0.135. அதாவது நூறு பக்கத்தில் 13 அல்லது 14 பக்கங்களே தூய்மையாக வரும். நூற்றுக்கு 98 வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழைதான் விடலாம். 50 பக்கத்துக்கு ஒன்று! மனித விரலால் ஆகாத காரியம். ஒப்பந்தம் எழுதியவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. தோற்பதற்கென்றே கட்டிய பந்தயம் அது. அவர்களுக்கு வேண்டியிருந்தது முன்பணமும், பயந்து கட்டும் நஷ்டஈடுமே.

மாணவரை அன்றே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசச் சொன்னேன். வேலை கொடுப்பவர் உழைப்பவரிடம் முன்பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அப்போ உண்மையிலேயே சம்பாதிக்கிறதுக்கு எதைப் படிக்கட்டும் சார்?"

இதற்குப் பட்டியல் போட்டுப் பதில் சொல்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு தொழிலை எடைபோடும் தராசு எது என்று பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

தட்டச்சிலிருந்தே தொடங்குவோம். மதுரையில் தட்டச்சுப் பயிலகம் இல்லாத பேட்டை குறைவு. நானும் பிளஸ் டூ விடுமுறையில் அப்படியொரு மாடியறையில் பழைய இயந்திரத்தைத் தட்டியவன்தான். ஆங்கில மேல்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொற்கள் வேகம் வேண்டும். ஐந்து தட்டல் ஒரு சொல் என்பது கணக்கு. ஆகவே நிமிடத்துக்கு 225 தட்டல். வினாடிக்கு 4 தட்டலுக்குச் சற்றுக் குறைவு.

இனி அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டுக்கு வருவோம். தகவலை அளக்கும் அலகு பிட். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வது ஒரு பிட். விசைப்பலகையில் ஏறத்தாழ 32 விசைகளுள் ஒன்றைத் தேர்ந்து தட்டுவது 5 பிட். எனவே நம் தட்டச்சாளர் வினாடிக்கு அனுப்புவது 19 பிட் அளவே. இன்று வீட்டுக்கு வரும் ஒளியிழை இணைப்பு வினாடிக்கு 5 கோடி பிட் ஏந்திச் செல்லக்கூடியது. அவர் தட்டுவதைப்போல 26 லட்சம் மடங்கு!

ஷானன் கோட்பாட்டின் உயிர்நாடி இதற்கும் அப்பால் இருக்கிறது. பெறுபவருக்கு முன்பே தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் அதிலுள்ள தகவல் சுழி. அச்சிட்ட பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர், பக்கத்தில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை. 500 பக்கம் அடித்தாலும் அவர் புதிதாகச் சேர்த்தது ஒரு பிட்கூட இல்லை. அதனால்தான் அந்த வேலை இயந்திரத்துக்கு எளிதாகக் கைமாறிற்று. படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் 'டெசராக்ட்' என்னும் மென்பொருளின் மூல நிரலை 2005-இலேயே இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். அது தமிழும் படிக்கும். இலவசமாய் நடக்கும் வேலைக்கு ஒருவர் மாதம் 30,000 தருகிறார் என்றால், ஏன் தருகிறார் என்று கேட்கவேண்டாமா?

இதற்கு நேர்மாறான ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத மதுரைக்காரர் இல்லை. நீரிழிவால் விழித்திரையில் வரும் கேட்டைக் கணிப்பொறியே கண்டுபிடிக்க, கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு முறையை உருவாக்கி 2016-இல் வெளியிட்டனர். அதற்குப் பயிற்சியளிக்க 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அவை அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவில் அரவிந்த் உள்ளிட்ட மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் சென்றவை. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை மருத்துவர்கள் பார்த்து, நோய் இல்லை என்பது தொடங்கி மிக முற்றியது என்பதுவரை ஐந்து நிலைகளுள் ஒன்றைக் குறித்தார்கள்.

ஐந்தில் ஒன்றைச் சொல்வது எத்தனை பிட்? 2.3 மட்டுமே! படமோ பல லட்சம் பிட். ஆனால் அந்தப் பல லட்சத்தைக் கருவி ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது. மருத்துவர் சேர்த்த 2.3 பிட்டுக்காகவே 54 பேரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. அந்த 54 பேரும் அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களுமே. படத்தில் ஒரு பங்கு நம் ஊர்க் கண்கள், தீர்ப்பு வேறிடத்தது. இதைப் படித்தபோது எனக்குச் சற்று உறுத்தியது என்பதை மறைக்கவில்லை.

ஆக, ஒரு தொழிலைக் கற்கப் புறப்படுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: கையில் கொடுத்த பொருளில் இல்லாத எதை நான் சேர்த்துத் திருப்பித் தருவேன்?

அடுத்தது, கற்றது எத்தனை நாள் தாங்கும் என்பது. கதிரியக்கத்தில் அரை ஆயுள் என்று படித்திருப்பீர்கள். பொருளில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம். ஒப்புமை முழுமையானதன்று, ஆனாலும் தொழிலறிவுக்கு அது பொருந்தித்தான் வருகிறது. இணையப் பக்கங்களில் அசையும் படங்களைச் செய்ய 'ஃபிளாஷ்' என்ற மென்பொருள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. என் வயதினர் பலர் பெருந்தொகை கட்டி அதைக் கற்றார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுவனமே நிறுத்திவிட்டது. ஆனால் அட்டவணையில் அடுக்கிய தரவைக் கேட்டுப் பெறும் 'எஸ்.கியூ.எல்.' என்னும் மொழி 1974-இல் பிறந்தது. இன்றும் வங்கி முதல் மருத்துவமனை வரை பயன்படுகிறது. முன்னது ஒரு நிறுவனத்தின் கருவி. பின்னது உறவுகள், கணங்கள் என்ற கணிதத்தின்மேல் நிற்பது. ஃபிளாஷ் கற்றவர்களிலும், அசைவை எப்படிப் பகுத்து வரைவது என்பதைக் கற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பொத்தான்களின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தாம் தவித்தார்கள்.

சிற்றூரில் தனியே அமர்ந்து கற்பவருக்கு இன்னொன்றும் முக்கியம். நான் தவறு செய்தால் அதை எனக்கு யார் சொல்வது? கணிப்பொறி நிரலில் இலக்கணப் பிழை இருந்தால் பொறியே அந்த வரியைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும். மின்சுற்று வரையும் 'கிகேட்' போன்ற இலவச மென்பொருள் சுற்றிலுள்ள பல குற்றங்களைத் தானே காட்டும். இவற்றில் ஆசிரியர் அருகில் இல்லாமலும் பெருமளவு முன்னேறலாம். விளம்பரப்பட வடிவமைப்பு அப்படியன்று. நிறம் பொருந்தவில்லை என்று பொறி சொல்லாது. தேர்ந்த ஒருவரின் கண் வேண்டும். அதைக் கற்கக்கூடாது என்பதில்லை, பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் கற்கலாம்.

"செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே, நாம் ஏன் கற்கவேண்டும்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாடிக்கையான நிரல்களின் விலை இறங்கிக்கொண்டிருப்பது கண்கூடு. அவை படியெடுக்கும் வேலைக்கு அருகில் இருப்பவை. ஆனால் அந்தப் பொறி தவறான விடையையும் அதே மிடுக்குடன் தருகிறது. நம் அணைகளின் நீரை நீர்வளத் துறையினர் மில்லியன் கனஅடியில் சொல்கிறார்கள். ஒரு மில்லியன் கனஅடி என்பது 28,317 கனமீட்டர். பொறி எழுதிய நிரல் இரண்டு அலகுகளையும் குழப்பியிருந்தால், விடையைப் பார்த்தவுடனே "வைகையில் இவ்வளவு தண்ணீர் எப்படி வரும்?" என்று கேட்பவர் வேண்டும். அவர் வைகையையும் அறிந்திருக்கவேண்டும், அலகையும் அறிந்திருக்கவேண்டும். இயற்பியல் பட்டதாரிக்கு அளவையும் பிழையும்தானே மூன்றாண்டுப் பாடம்!

ஆங்கிலம் வராதே என்ற அச்சம் தமிழ்வழி மாணவர்க்கு இயல்பு. வேலை கொடுப்பவரின் கடிதத்தைப் படித்துப் புரிந்து, நாலு வரி பதில் எழுதுமளவு ஆங்கிலம் வேண்டும்தான். அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் தொழிலைத் தமிழிலேயே கற்கலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் பல மென்பொருள்களுக்கான பாடங்கள் தமிழ்க் குரலில், கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதல் மூன்று மாதம் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கட்டணப் பயிற்சி தேவையா என்று முடிவு செய்தால் அடகுக் கடைக்குப் போகவேண்டியிராது.

என் மாணவர் இரண்டைத் தேர்ந்துகொண்டார்: எஸ்.கியூ.எல்., அத்துடன் 'கியூ.ஜி.ஐ.எஸ்.' என்னும் இலவச நிலப்பட மென்பொருள். செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு வரைந்து, பரப்பு, நீளம், சரிவு ஆகியவற்றைக் கணக்கிட அது உதவும். மாதிரி வேலை ஒன்றைச் செய்து காட்டினால்தானே பிறர் நம்பி வேலை தருவார்கள்? தம் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் அனுப்பியவர்கள் அதன்பின் இருமுறை தொலைபேசியில் மிரட்டிவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். கட்டிய பணம் வரவில்லை. தோடும் இன்னும் மீளவில்லை.

போன மாதம் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மேற்குக் கரையில் அவர் வரைந்த எல்லை, பழைய நிலப்படத்தின் எல்லையோடு ஓரிடத்தில் ஒட்டவில்லை. செயற்கைக்கோள் படம் தவறா, பழைய படம் தவறா, அல்லது கரையே நகர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். "தெரியலை சார். ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போய் அளந்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.