முருகை ஏன் வெளுக்கிறது?

வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடாவுக்குச் செல்வோர் அக்கடலில் நெடுந்தூரம் நடந்து மகிழ்வது வழக்கம். கரையைவிட்டு வெகுதொலைவு சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. திரும்பும்போது பிள்ளைகளின் கைகளில் வெண்ணிறக் கற்றுண்டுகள் சில இருக்கும். விரல்போலக் கிளைத்தவை, மூளைபோல மடிந்தவை எனப் பலவகை. வீட்டிலே அவை மேசையலங்காரமாகிவிடும். “இது கல்லா, செடியா?” என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் பலர் தடுமாறுவர். இரண்டும் அன்று; அது ஓர் உயிரினக் கூட்டத்தின் எலும்பு. அப்படியாயின் அடுத்த கேள்வி தானே எழுகின்றது: அது எதனாற் செத்தது?

கரையில் நிற்பவர் எலும்பையே காண்கிறார். கடலுக்குள் நிகழும் சாவைக் காண்பதில்லை. வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்ப்பவரோ அதனை நாள்தோறும் கண்ணெதிரே காண்கிறார். 1961ஆம் ஆண்டிலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இயற்கைக் கடல்நீர், உயிர்கள் ஒட்டிய கடற்கல், காற்றுக்குமிழி, நல்ல வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டே முருகையைத் தொட்டியில் வாழவைத்த முறையை எழுதி வெளியிட்டார். இன்று பல நாடுகளில் இப்பொழுதுபோக்குப் பரவியுள்ளது. தொட்டியில் வளர்ந்த முருகையின் கிளையை ஒடித்து நட்டுப் புதிது உண்டாக்கவும் கற்றுக்கொண்டுள்ளனர். (நமது கடலிலுள்ள கல்முருகையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.)

முருகையை ஆக்கும் சிற்றுயிருக்குப் பொலிப்பு என்று பெயர். ஒரு பை, அதன் வாயைச் சுற்றிச் சில உணர்கொம்புகள். அவ்வளவே அதன் உடல். கடல்நீரிலுள்ள கல்சியத்தைக்கொண்டு தன்னடியிலே சுண்ணாம்புக் கிண்ணமொன்றைக் கட்டிக்கொள்ளும். அதன் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத அல்காக்கள் குடியிருக்கின்றன. வெயிலைக்கொண்டு அவை ஆக்கும் உணவின் பெரும்பங்கு வீட்டுக்காரனுக்கே போகின்றது. வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். முருகையின் மண்ணிறமும் இக்குடியாளர் தந்ததே. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இவ்வுறவு முறிகின்றது. அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன. நிறமிழந்த தசையினூடே உள்ளெலும்பு வெள்ளையாய்த் தெரிகின்றது.

இங்கேதான் தொட்டி வளர்ப்போர் பலர் தவறிழைக்கின்றனர். வெளுத்ததைச் செத்ததென்று எண்ணி எடுத்தெறிந்து விடுகின்றனர். பூதக்கண்ணாடியாற் பார்த்தால், வெள்ளைக் கிளையின்மேல் மெல்லிய தசையும் உணர்கொம்புகளும் இருப்பது தெரியும். அது பட்டினி கிடக்கின்றது; இன்னும் இறக்கவில்லை. சூடு காலத்தோடு தணிந்தால் அல்காக்கள் மீண்டும் பெருகக்கூடும். தசையற்ற வெற்றெலும்பிலோ சில நாட்களிற் பச்சைப்பாசி படரத் தொடங்கிவிடும்.

எங்கிருந்து கேடு தொடங்கியது என்று பார்ப்பது அடுத்த வேலை. முழுதும் ஒருசேர வெளுத்தால் வெப்பத்தையோ, திடீரெனக் கூட்டிய விளக்கொளியையோ முதலிற் சந்தேகிக்க வேண்டும். தொட்டிக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. நமது மட்டக்களப்பு வெயிலில், மேலே விளக்கும் எரியுமானால், நீர் அதனை எளிதிற் கடந்துவிடும். நிறம் வெளுக்காமல் மண்ணிறம் தடித்தால், மிகுந்த இரையால் நைத்திரேற்றும் பொசுபேற்றும் சேர்ந்திருக்கலாம். அடியிலிருந்து தசை உரிந்தால் நீரின் காரத்தன்மை ஏறியிறங்கியதா என்று சோதிப்பர். மீனுக்கு நோய்தீர்க்கவிட்ட செப்பு மருந்து முருகைக்கு நஞ்சாவதும் உண்டு. ஓரிடம் மட்டும் அரிக்கப்பட்டிருந்தாலோ, நள்ளிரவில் மின்சூளுடன் தொட்டியருகே செல்லவேண்டும். பகலில் ஒளிந்திருக்கும் புழுவும் ஓடற்ற கடல்நத்தையும் அப்போதுதான் அகப்படும்.

மிகச் சாதாரணமான பிழை வேறொன்று. தொட்டி நீர் வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகின்றது. உப்பு அங்கேயே நிற்கின்றது. குறைந்ததை ஈடுசெய்யக் கடல்நீரையே ஊற்றினால், ஆயிரத்துக்கு 35 பங்காயிருக்கவேண்டிய உப்பு வாரந்தோறும் ஏறிக்கொண்டே போகும். ஊற்றவேண்டியது தூய நன்னீர். உண்மை தெரியவந்ததும் பதறி, நீர், விளக்கு, மருந்து யாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவோரும் உளர். அம்மாற்றமே மிஞ்சியதையும் கொன்றுவிடும். எது குற்றவாளி என்பதும் தெரியாமற் போகும்.

தொட்டியிற் கண்ட இக்காரணங்கள் பாசிக்குடாவையும் கல்குடாவையும் அடுத்த கடலுக்கும் பொருந்துவனவே. மாரியில் வாழைச்சேனை வாவிவழியே நன்னீரும் சேறும் கடலை அடைகின்றன. உப்புக் குறைந்து, சேறு படியும் ஆற்றுமுகத்திலே முருகை செழிப்பதில்லை. இராப்புழுவுக்கு இணையாக அங்கே முட்கிரீட நட்சத்திரமீன் உண்டு. தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளி, முருகையின் தசையைக் கரைத்துண்டு, வெள்ளைத் தழும்பை விட்டுச்செல்லும் விசித்திரப் பிராணி அது. 1970ஆம் ஆண்டுகளிலே நமது கிழக்குக் கடலில் அது பெருகிச் சேதம் விளைத்தது. மனிதனின் நங்கூரத்தையும், முருகைத் திட்டின்மேல் ஏறிநிற்கும் கால்களையும், சுண்ணாம்புச் சூளையையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் யாவற்றிலும் பெரிய அடி 1998இல் விழுந்தது. எல் நினோ ஆண்டான அன்று இந்து சமுத்திரம் வழக்கமான கோடை வெப்பத்தையும் மீறிச் சூடேறியது. மீறியது பெரிதன்று, ஓரிரு பாகையே. அது வாரக்கணக்கில் நீடித்ததே கொடுமை. இக்கடுவ, கற்பிட்டிக் கடல் முதலிய இடங்களில் ஆழங்குறைந்த திட்டுகள் வெளுத்துப் பெரும்பகுதி மடிந்தன. திருகோணமலையை அடுத்த புறாத்தீவுத் திட்டு அவ்வாண்டு தப்பியது. கிழக்கிலே அது யுத்தகாலம். கடலடியைப் பார்க்கப் போவாரும் அரியர். 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளுப்பை நான்காவதென விஞ்ஞானிகள் 2024 ஏப்பிரலில் அறிவித்தனர். தொட்டிக்காரர் விளக்கைத் தணித்து, விசிறியை ஓடவிட்டுச் சில மணி நேரத்தில் நீரைக் குளிர்விக்கலாம். கடலுக்கு அவ்வசதி இல்லை.

பிள்ளை கொண்டுவந்த அந்த வெண்கற்றுண்டு இன்னும் மேசைமேல் இருக்குமாயின், பூதக்கண்ணாடியை அதன்மேற் பிடித்துப் பாருங்கள். விண்மீன் வடிவிற் சிறுசிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பொலிப்பு இருந்த கிண்ணம். விளிம்புகள் மழுங்கியிருந்தால், அது நெடுங்காலம் அலையிற் புரண்டு வந்தது. கூர்மையாயிருந்தால், அது இறந்து அதிக நாளாகவில்லை.